எங்கள் சோதனைச் சான்றை ஏற்க வையுங்கள்: வணிகத் துறைக்கு ஓர் இறால் விவசாயியின் திறந்த மடல்

ஒன்றிய வணிகத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தடையற்ற வணிக ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்ப்பவன் நான். என் குளத்து இறாலும் சேர்ந்துபோன ஒரு கண்டெய்னரை, நம்மோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு நாட்டின் துறைமுகத்தில் மறுசோதனைக்காக நிறுத்தினார்கள். கடைசியில் குறை ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன புகார் என்று கேட்பீர்கள். அந்த நல்ல சேதி வந்து சேர்வதற்குள் இங்கே நடந்தவைதான் என் புகார்.

கண்டெய்னர் நின்றது தெரிந்ததுமே, இறாலைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைக்காரர்கள் எங்கள் பகுதியில் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். விலை ஏறட்டும் என்று நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம், இறாலை வைக்க முடியாது. முப்பது கவுண்ட், அதாவது கிலோவுக்கு முப்பது என்ற அளவுக்கு வளர்ந்த இறாலைக் குளத்திலேயே விட்டுவைத்தால் தினமும் தீவனம் போட வேண்டும், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். இடையில் வெண்புள்ளி நோய் வந்தால் போட்ட முதல் அத்தனையும் போயிற்று. ஆகவே ஏஜென்ட் சொன்ன விலைக்கே பிடித்துக் கொடுத்தோம். முன்பு கொடுத்த சரக்குக்கும் பணம் வரவில்லை. அங்கே சரக்கை விடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். தீவனக் கடையில் அப்படிச் சொல்ல முடியுமா? பக்கத்துக் குளத்துக்காரர் அடுத்த பருவத்துக்குக் குஞ்சு விடவே இல்லை. சரக்கு சுத்தம் என்று தெரிந்த பிறகும் இந்த இழப்பில் ஒரு ரூபாய் எங்களுக்குத் திரும்பவில்லை. அந்த ஆய்வக அறிக்கையின் நகலைக்கூட யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

அது சோதிக்காமல் அனுப்பிய சரக்கு அல்ல, ஐயா. அறுவடைக்கு முன்பே மாதிரி எடுத்து ஆன்டிபயாட்டிக் எச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆலையில் மறுபடி பார்க்கிறார்கள். அதற்கு மேல், 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஏற்றுமதி ஆய்வு கவுன்சிலின் கட்டுப்பாட்டில் சுகாதாரச் சான்று வாங்குகிறார்கள். இவ்வளவும் உங்கள் அமைச்சகத்தின் கீழ் நடப்பவை. உங்கள் முத்திரைக்கு வெளியே மதிப்பு இல்லையென்றால் அதன் சுமை எங்கள் குளத்தில் வந்து விழுகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அங்கீகாரம் பெற்ற நம் ஆய்வகங்களின் சான்றை எதிர்த்தரப்பு ஏற்க வேண்டும் என்பதை, காலக்கெடுவோடு, ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இது புதிதாக முளைத்த பிரச்சினை அல்ல. ஜப்பானோடு செய்த ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, நம் இறாலில் எத்தாக்சிக்வின் எச்சம் இருக்கிறது என்ற விவகாரம் அங்கே வெடித்தது. தீவனத்துக்கான மீன்தூள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. விவசாயி தன் கையால் போடுவது அல்ல. மீனுக்கு ஜப்பான் வைத்திருந்த வரம்பு 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இறாலுக்குத் தனி வரம்பு எதுவும் இல்லை என்பதால் பொது வரம்பான 0.01 பிபிஎம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு, எங்கள் தலையில் ஏறியது. 2014-ல் அதையே 0.2 பிபிஎம் ஆக்கினார்கள். இருபது மடங்கு தளர்த்த முடிந்த வரம்பை முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா? ஒப்பந்தம் கையில் இருந்தும் அத்தனை காலம் ஏன் பிடித்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். ஏற்றுமதி ஆய்வு கவுன்சிலைத் தகுதியுள்ள அமைப்பு என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2016-ல் நம் வளர்ப்பு இறால் சரக்குகளில் மாதிரி எடுத்துச் சோதிப்பதை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். தடை செய்த மருந்தின் எச்சம் இருந்த சரக்குகள் இங்கிருந்து போனது உண்மை. அப்படிப்பட்டதைத் திருப்பி அனுப்பட்டும், அனுப்பியவரின் உரிமத்தையும் பறியுங்கள். நேர்மையாக வளர்ப்பவர்கள் அதைத்தான் விரும்புகிறோம். ஆனால் தொடர்ந்து சுத்தமாக அனுப்பினால் சோதனை விகிதம் எப்போது, எவ்வளவு இறங்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டாமா?

உலக வணிக அமைப்பின் சுகாதார விதிகளுக்கான உடன்படிக்கை 1995 முதல் நடப்பில் இருக்கிறது. இணையான பாதுகாப்பு இருப்பதை ஏற்றுமதி நாடு நிரூபித்தால் இறக்குமதி நாடு அதை ஏற்க வேண்டும் என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. தேவையற்ற தாமதம் கூடாது என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. இருதரப்பு ஒப்பந்தங்கள் அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும். பல ஒப்பந்தங்களிலோ சுகாதார அத்தியாயத்தையே தகராறுத் தீர்வுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். மீறினால் கேட்க வழியில்லாத விதியை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வான்?

கடுமையாக விதி எழுத உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வரிச் சலுகையில் இங்கே வரும் சரக்குக்கு, அது எந்த நாட்டில் உற்பத்தியானது என்று அயல்நாடு தரும் மூலச் சான்றிதழ் மட்டும் போதாது, இறக்குமதியாளர் கையிலும் ஆதாரம் இருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் சுங்க விதியே கொண்டுவந்தது இந்த அரசு. உள்ளே வரும் சரக்குக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பை, வெளியே போகும் எங்கள் சரக்குக்காகப் பேசும்போதும் காட்டுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது வேறு சந்தை தேடுங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. இறாலுக்கு வரி இல்லை என்று தலைப்புச் செய்தி வந்தது. வரி இறங்கியதால் எவ்வளவு லாபம் என்று ஆளாளுக்குக் கணக்குச் சொன்னார்கள். துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் குளிர்சாதனக் கட்டணமும் வாடகையும் எவ்வளவு, அது கடைசியில் யார் விலையிலிருந்து கழிகிறது என்ற கணக்கை ஒருவரும் சொல்லவில்லை. தொழில் கூட்டமைப்புகளை அழைத்துக் கருத்துக் கேட்கிறீர்கள். குளத்தில் இறங்குகிறவனை எந்தக் கூட்டத்துக்கு அழைத்தீர்கள்?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையைப் பணிவாகவே திரும்ப வைக்கிறேன். இனிப் பேசும் ஒப்பந்தங்களிலும், மறுஆய்வுக்கு வரும் பழைய ஒப்பந்தங்களிலும் நம் ஆய்வகச் சான்றை ஏற்கும் விதி கட்டாயமாக இடம்பெற வேண்டும். சந்தேகத்தில் நிறுத்தினால் இத்தனை நாளுக்குள் முடிவு என்று வரையறுத்து, அறிக்கையின் நகல் வளர்த்தவருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். அடுத்த சுற்றுப் பேச்சுக்கு முன் நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டம் கூட்டுங்கள்; ஆய்வக அதிகாரிகளும் வரட்டும், எங்கள் பதிவேடுகளோடு நாங்களும் வருகிறோம். இதற்கு உங்கள் பதிலை எழுத்து மூலம் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இறால் விவசாயி ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்