கரைக்கு வந்ததும் வாசி

அன்புள்ள மகனுக்கு,

கொச்சி தோப்பும்படியில் போட் அணையும்போது உன் கையில் கிடைக்கட்டும் என்று இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்குக் கால் நீர் வற்றியிருக்கிறது. ஓடு மாற்றவில்லை, மழை விடட்டும்.

உன் மூத்தவன் நன்றாகத்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான். ஃபுட்பால் மாஸ்டர் எடுத்த டீமில் பேர் வராததிலிருந்து சாயங்காலம் மட்டும் கடப்புறத்துக்குப் போவதில்லை. பூட்ஸைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டான். தடைக்காலம் முடிந்து நீ புறப்பட்ட அன்று வாசலில் வைத்து அவனிடம் சொன்னதைப் பற்றி எழுத நான் வரவில்லை. கோபத்தில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிய வேண்டுமே மக்கா.

கூப்பிடும்போது ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடு, டியூஷன் முடிந்திருக்கும். முதலில் அவன் பேசட்டும். பேசாமல் இருந்தால் நீயும் கொஞ்சம் பேசாமல் இரு. "அடுத்த வருசம் உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுக்காதே, அது உன் கையில் இல்லை. "மாஸ்டர் வேண்டியவன் பிள்ளையை எடுத்துவிட்டார்" என்றும் சொல்லிவிடாதே. இப்போதைக்கு அவனுக்கு இனிக்கும். அப்புறம் திருத்திக்கொள்ளத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று இருந்துவிடுவான். சூசைராஜ் பேரையும் எடுக்காதே. இரவிபுத்தன்துறையிலிருந்து போய் ஜாம்ஷெட்பூர் டீமுக்கு ஆடினவர் என்று இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். பேர் வராத வாரத்தில் அதைக் கேட்டால் பயல் இன்னும் குறுகித்தான் போவான்.

ஒரு வாரம் ஆறவிட்டு, மாஸ்டரிடம் அவனையே போய்க் கேட்கச் சொன்னேன். நான் கூடப் போகவில்லை. பெரியவர்கள் போய் நின்றால் மாஸ்டர் சமாதானம் சொல்லித்தான் அனுப்புவார். மூன்றே கேள்வி: எதில் குறை, எதை முதலில் சரியாக்க வேண்டும், அடுத்து எப்போது பார்ப்பீர்கள். தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தான், கேட்டியா. அந்தத் தைரியம் உன்னிடமிருந்து வந்ததுதான்.

பதில் மோசமில்லை. முன்வரிசையில் ஆட ஒன்பது பேர் வந்தார்கள், எடுத்தது நாலு பேரை. இவனுக்குப் பந்து காலில் பட்டதும் இரண்டடி தள்ளி ஓடுகிறது. இடது கால் வரவில்லை. பின்னால் இடது பக்கம் நின்று தடுக்கிற லெஃப்ட் பேக் ஆட ஒரே ஒரு பையன்தான் இருக்கிறான். அப்படியானால் கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள். வயசும் ஒன்று இருக்கிறது. பதினேழுக்கு உட்பட்டோர் கணக்கை ஜனவரி 1-ஐ வைத்துத்தான் பார்க்கிறார்கள். இவன் நவம்பர் பிறப்பு. அதே வருசம் ஜனவரியில் பிறந்தவன் பத்து மாசம் மூத்தவன். இந்த வயசில் பத்து மாசம் என்றால் தோளும் தொடையும் வேறு. இதையெல்லாம் அவனிடம் ஒரு தடவை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொன்னால் சாக்காகிவிடும்.

பந்தை எடுத்துப் பார்த்தேன், காற்றே இல்லை. 5-ஆம் நம்பர் பந்துக்குக் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பவுண்டு வரை விதி. பழக 9, 10 போதும். தொய்ந்த பந்தில் பழகினால் கால் தப்பாக வைத்தாலும் பந்து சொன்னபடி நிற்கும். தேர்வு அன்று இறுகின பந்து வந்ததும் தெறித்துப் போகும். இரண்டடி தள்ளிப் போனதற்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வலைக்கூடத்துச் சுவரில் ஐந்து மீட்டர் தள்ளி நின்று, இடது காலின் உள்பக்கத்தால் 50 தடவை அடித்து, திரும்பி வருவதை அதே காலால் நிறுத்தட்டும். மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு 50. அடிக்கும்போது கணுக்கால் இறுகியிருக்க வேண்டும். வாங்கும்போது பாதத்தைப் பைய பின்னால் இழுக்க வேண்டும். வாரத்தில் நாலு நாள், இருபது நிமிசம். சலித்தால் நிறுத்தட்டும். ஓட்டம் என்றால் 20 மீட்டர், ஆறு தடவை, நடுவில் ஒன்றரை நிமிசம் ஓய்வு. காய்ந்த மணலில் ஓடச் சொல்லாதே, கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். ஈர மணல் கெட்டிதான், ஆனால் கடலைப் பார்த்துச் சரிவு. ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன தூரம் திரும்பியும் ஓட வேண்டும்.

முட்டிச் சிரட்டைக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்கிறான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு மூன்று விரல்கடை வளர்ந்திருக்கிறான், எலும்பு முந்திக்கொண்டு வளர்கிறபோது தொடைத் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று அம்மையிடம் சொல்லிவிட்டேன். ஐஸைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிசம் வைக்கலாம். வலிக்கிற நாள் குதிப்பதும் ஓடுவதும் வேண்டாம். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுகிறேன்.

சாப்பிடுகிறான் என்று எழுதினேன். பாதிதான் சாப்பிடுகிறான். மரச்சீனியும் சாளையும் வைத்தால்கூட எழுந்து போகிறான். தூக்கமும் சரியில்லை. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போவேன், நீ தடுக்காதே. மனசு பாரத்தைச் சொல்ல 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். அதை அடுக்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் ஐஸ் கம்பெனிப் பக்கம் நின்று, நாள்கணக்கில் கடலில் கிடக்கிற தங்கல் போட்டுக்கு ஆள் எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறான். பத்தாம் வகுப்பு.

நீ வாசலில் சொன்னது உன் வார்த்தை இல்லை மகனே. என்னுடையது. உன் பேர் வராத அன்று நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடியக்காலை எழுப்பி வள்ளத்தில் ஏற்றினேன். தேறிவிடுவாய் என்று நினைத்தேன். நீ தேறினாயா என்று இன்றுவரை கேட்கவில்லை.

எட்டரைக்குக் கூப்பிடு. பந்து பேச்சை அவன் எடுத்தால் எடுக்கட்டும். வரும்போது காற்றடிக்கிற ஊசி இரண்டு வாங்கி வா, இங்கே இருந்தது உப்புக் காற்றில் துருப்பிடித்துவிட்டது.

அப்பா