கோன் மாற்ற முடியாத சைக்கிளை எல்லைக்குள் விடாதீர்கள்

இறக்குமதி வரியையும் தர விதிகளையும் எழுதுகிற அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் சைக்கிள் மெக்கானிக். சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பது, ஓவராயில் செய்வது, ஃபோர்க் மாற்றுவது, இவைதான் என் அன்றாட வேலை. வரி விகிதம் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் எழுதும் விதிகள் எல்லாம் கடைசியில் என் ஸ்டாண்டில் வந்துதான் தொங்குகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அண்மையில் பதினோரு வயதுப் பையன் ஒருவனின் சைக்கிள் வந்தது. கப்பலில் வந்த மலிவு வகை. வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. பின்சக்கரம் இரண்டு பக்கமும் ஆடியது. கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி ஓடும் ஹப்புக்குள் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கிரீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் துரு. கால் அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு ஒன்பது ஓட வேண்டிய இடத்தில் ஏழு குண்டுகளைத் தகரக் கூட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அச்சில் திருகி ஏற்றிக் குண்டுகளைத் தாங்கும் கோனில் குண்டு ஓடும் பாதை அம்மை வடுப்போலக் குழிந்து கிடந்தது. கோனை மாற்றினால் தீர்ந்துபோகிற வேலைதான். ஆனால் அந்த அச்சின் மரை எந்த அளவிலும் சேரவில்லை. பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் கோன் டப்பாவைக் கொட்டித் தேடினேன், ஒன்றும் ஏறவில்லை. அச்சோடு சேர்த்தே மாற்றிவிடலாம் என்றால், குண்டுகள் உட்கார ஹப்புக்குள் அழுத்திப் பொருத்திய கப்பிலும் விரிசல். ஹப்பை மாற்ற வேண்டுமானால் முப்பத்தாறு போக்ஸ் கம்பியையும் பிரித்துச் சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். சாமானும் கூலியும் சேர்ந்தால் ஏறக்குறைய சைக்கிளின் விலைக்கே வந்துவிடும்.

"அண்ணே, இதைச் சரி பண்ணவே முடியாதா?" என்று பையனின் அம்மா கேட்டார். "பண்ணலாம்மா, ஆனா நீங்க கொடுத்த காசுக்கு இது தாங்காது" என்றேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தப்பு அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

மலிவான சைக்கிளுக்கு நான் எதிரி இல்லை. நடந்து போகிறவரைச் சக்கரத்தில் ஏற்றிவிடுகிற எதையும் நான் கும்பிடுவேன். வேறு நாட்டில் ஃப்ரேம் பற்றவைக்கிற தொழிலாளி மீதும் எனக்குக் கோபம் இல்லை, அவரும் என் இனம்தான். என் வழக்கெல்லாம் பழுதுபார்க்க முடியாதபடி செய்யப்பட்ட சைக்கிள் மீது. அது வாங்குகிறவரை ஏமாற்றுகிறது. கூடவே உள்நாட்டில் கோனும் கப்பும் செயினும் செய்து பிழைக்கிற அத்தனை பட்டறைகளையும் மூடவைக்கிறது. அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சைக்கிள் ஒரு பொது மொழி. செயினின் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். நூறு வருடத்துக்கு மேலாகியும் பெரும்பாலும் அது மாறவில்லை. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் பெடல் மரை பெரும்பாலும் பதினாறில் ஒன்பது அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, இடது பெடலுக்கு இடது மரை. பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல் ஏறுகிற மரை அங்குலத்துக்கு 24. எங்கோ ஓர் ஊரில் செய்த ஃப்ரீவீல் இன்னொரு கண்டத்தில் செய்த ஹப்பில் ஏறும். இப்படி எல்லாம் பொது அளவில் இருந்ததால்தான், சைக்கிளே செய்யாத சின்னப் பட்டறைகூட சைக்கிள் தொழிலில் இருக்க முடிந்தது. ஒருவர் கோன் மட்டும் கடைவார், ஒருவர் சீட்டுக்கு ஸ்பிரிங் சுற்றுவார், ஒருவர் முலாம் பூசுவார். பெரிய ஆலை இவர்களிடம் வாங்கியது, என்னைப் போன்ற மெக்கானிக்கும் வாங்கினான். புது சைக்கிள் விற்பனை படுத்த வருடங்களிலும் ரிப்பேர் சாமான் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்தப் பட்டறைகள் மூச்சு விட்டன. எதற்கும் பொருந்தாத அச்சோடும், மடித்துப் பூட்டியதால் தனியாகக் கழற்ற முடியாத பல்சக்கரத்தோடும் ஒரு சைக்கிள் வரும்போது, முதலில் நிற்பது இந்த ரிப்பேர் சாமான் வியாபாரம். அது நின்றால் பட்டறை நிற்கும். பட்டறை நின்ற பிறகு உள்நாட்டு ஆலை தன் உதிரிபாகத்தையும் கப்பலில்தான் வரவழைக்க வேண்டும். கடைசியில் அந்த ஆலையில் மிஞ்சுகிற வேலை, பெட்டியைப் பிரித்து மாட்டி மேலே பெயரை ஒட்டுவது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இதுதான் நடந்தது. ராலே ஆலை 1950-களில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள் செய்த இடம். அதன் கூடவே வளர்ந்தது ஸ்டர்மி ஆர்ச்சர். 1902 முதல் ஹப்புக்குள் ஓடும் கியர் செய்தவர்கள், பழைய மெக்கானிக்குகளுக்கு அந்தப் பெயர் குலதெய்வம் மாதிரி. 2000-ல் ஸ்டர்மி ஆர்ச்சர் திவாலானது. தைவானின் சன்ரேஸ் நிறுவனம் பெயரையும் இயந்திரங்களையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. 2002-ல் ராலே ஆலையும் மூடியது. இன்று அந்த வளாகத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன. முதலில் உதிரிபாகம், பிறகு முழு சைக்கிள். இந்த வரிசையை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அமெரிக்காவில் சிகாகோவின் ஷ்வின் சைக்கிள் கம்பெனி கதை வேறு மாதிரி. 1980-ல் அங்கே வேலைநிறுத்தம் வந்தது. நிறுவனம் தன் ஆர்டர்களைத் தைவானின் ஜயன்ட் நிறுவனத்திடம் கொடுத்தது, தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கொடுத்தது. 1983-ல் சிகாகோ ஆலை மூடியது, 1992-ல் ஷ்வின் திவாலானது. ஜயன்ட்டோ அதற்குள் தன் சொந்தப் பெயரிலேயே உலகமெல்லாம் விற்கத் தொடங்கியிருந்தது. இதில் ஜயன்ட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் கற்றுக்கொண்டார்கள், கற்றதை மேலும் நன்றாகச் செய்தார்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கதை அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் செலினா ஊரில் இருந்த ஹஃபி சைக்கிள் ஆலையுடையது. ஹஃபியும் வேறு இரண்டு நிறுவனங்களும் 1995-ல் சீன இறக்குமதி மீது மலிவுக்குவிப்பு வழக்கு, அதாவது நியாய விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்ற வழக்கு, போட்டன. 1996-ல் அமெரிக்காவின் பன்னாட்டு வணிக ஆணையம், உள்நாட்டுத் தொழிலுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை, பாதிப்பு வரும் அபாயமும் இல்லை என்று முடிவு சொன்னது. 1998-ல் செலினா ஆலை மூடியது. அடுத்த வருடம் ஹஃபி அமெரிக்காவில் சைக்கிள் செய்வதையே விட்டுவிட்டது. ஆணையத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விதி கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். கேள்வியில்தான் கோளாறு. கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் தெரியும் வரை காத்திருந்தால், அதற்குள் உதிரிபாகப் பட்டறைகள் விளக்கணைத்துவிட்டுப் போயிருக்கும். கடைசல்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றால், நீங்கள் பிறகு எத்தனை சதவீதம் வரி போட்டாலும் அவர் கை திரும்பி வராது.

எல்லா ஆலைகளையும் இறக்குமதிதான் கொன்றது என்று நான் சாதிக்கவில்லை. டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, கைவசம் பணமில்லை என்று வாசலில் அறிவிப்பு ஒட்டி வேலையை நிறுத்தியது. உள்நாட்டு முதலாளிகளிலும் இருபது வருடம் ஒரே மாடலை ஓட்டியவர்கள் உண்டு. தகரத்தின் கனத்தைக் குறைத்தவர்கள் உண்டு. வெளியிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்துத் தன் பெயரை ஒட்டிக்கொண்டு, அதே வாயால் பாதுகாப்பு வரி கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

வரி போட்டால் பலன் இருக்குமா என்று கேட்டால், இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். சீன சைக்கிள்கள் மீது 1993-ல் 30.6 சதவீதம் மலிவுக்குவிப்புத் தடுப்பு வரி விதித்தார்கள், 2005-ல் அதை 48.5 ஆக்கினார்கள். முழு சைக்கிளுக்கு வரி என்றதும் பாகம் பாகமாக வரத் தொடங்கியது, 1997-ல் முக்கிய உதிரிபாகங்களையும் சேர்த்தார்கள். பிறகு வேறு நாடுகள் வழியாகச் சுற்றி வந்தது, 2013-ல் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனிசியா வழியாக வருவதற்கும் வரியை நீட்டினார்கள். ஓட்டை தெரியத் தெரிய அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தின் நிழலில் போர்ச்சுகலில் ஆலைகள் வளர்ந்தன. 2019-ல் 27 லட்சம் சைக்கிள் செய்து ஒன்றியத்திலேயே முதலிடம் பிடித்தது அந்தச் சின்ன நாடு.

வரியை நம்பி இராமல் பிழைத்தது தைவான். 1990-களில் மலிவு சைக்கிள் வேலையெல்லாம் அங்கிருந்து சீனாவுக்கு ஓடியது. அடுத்து மூடப்போவது தைவான்தான் என்ற நிலை. 2003-ல் பரம எதிரிகளான ஜயன்ட், மெரிடா என்ற இரண்டு தைவான் சைக்கிள் கம்பெனிகளும் உதிரிபாகக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஏ-டீம் என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். ஒருவர் ஆலையை ஒருவர் பார்த்து, குறையைச் சொல்லி, உயர்தர சைக்கிளுக்கு நகர்ந்தார்கள். அங்கேயும் காப்பாற்றப்பட்டது உதிரிபாகக்காரர்தான் என்பதைக் கவனியுங்கள். 2020-ல் தொற்றுநோய் வந்து உலகமே சைக்கிள் கேட்டபோது, செயினுக்கும் கியருக்கும் பல மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கும் மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. பாகம் செய்யத் தெரிந்த நாடு எது, மாட்டத் தெரிந்த நாடு எது என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

ஆகவே என் முதல் வேண்டுகோள், முழு சைக்கிளுக்கான வரியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முழு சைக்கிளுக்குக் குறைவான வரியும் அதைச் செய்யத் தேவையான குழாய்க்கும் எஃகுக்கும் கூடுதல் வரியும் இருந்தால், உள்நாட்டில் செய்கிறவருக்கு நீங்களே தண்டனை கொடுக்கிறீர்கள். பெட்டியைப் பிரித்து மாட்டுவதை உற்பத்தி என்று எழுதவும் விடாதீர்கள். ஃப்ரேம், ஃபோர்க், ஹப், ரிம் இவற்றில் எத்தனை உள்நாட்டில் உருவானது என்று கேளுங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு உயிர். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது. ஃபோர்க் உடையக் கூடாது, பிரேக் பிடிக்க வேண்டும், ஃப்ரேம் களைத்து முறியக் கூடாது என்று சோதிக்கிறது, நல்லது. ஆனால் ஏழாம் மாதம் கோன் தேய்ந்தால் மாற்றுக் கோன் கிடைக்குமா என்று அது கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். தேயும் பாகங்கள் எல்லாம் பொது அளவில் இருக்க வேண்டும், சாதாரணக் கருவியால் கழற்ற முடிய வேண்டும், விற்கிறவர் இத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் தர வேண்டும் என்று சட்டமாக எழுதுங்கள். சோதனைக்கு நிறுவனம் அனுப்பும் மாதிரியை நம்பாமல் கடையில் நிற்கும் சைக்கிளை எடுத்துப் பாருங்கள். இந்த விதி உள்நாட்டுச் சரக்குக்கும் இறக்குமதிக்கும் ஒன்றாக இருக்கட்டும். அந்நியச் சரக்கை மட்டும் குறிவைக்கிறீர்கள் என்று உலக வணிக அமைப்பில் யாரும் உங்கள் மீது வழக்குப் போட இடம் இருக்காது, உள்நாட்டில் மட்டமாகச் செய்கிறவரும் தப்ப மாட்டார். அமெரிக்காவில் மெக்கானிக்குகள் ஒன்றுசேர்ந்து, பழுதுபார்க்கும்படி சைக்கிள் செய்யுங்கள் என்று பெரிய கம்பெனிகளிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவைக் கம்பெனி ஓரம் வைத்துவிடலாம், விதியை அப்படி வைக்க முடியாது. அரசே மொத்தமாக சைக்கிள் வாங்கும் இடங்களிலும் ஆகக் குறைந்த விலையோடு நிறுத்தாமல், ஐந்து வருட ஓட்டத்துக்கு ஆகும் செலவைக் கேளுங்கள்.

அந்தப் பையனின் சக்கரத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. கழித்துக் கட்டிய பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து எடுத்து வைத்த ஹப் என்னிடம் இருந்தது. பையனின் அப்பாவைவிட வயது அதிகம் அதற்கு. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். கோன் இன்னும் கண்ணாடியாக மின்னியது. புதுக் குண்டு போட்டு, கிரீஸ் நிரப்பி, கம்பி கோத்து, பிரேக் கட்டையை அளவாக வைத்துக்கொண்டு நிப்பிளைக் கால் திருகு கால் திருகாக முடுக்கிப் பெண்டு எடுத்தேன். பையனின் ஃப்ரீவீல் அந்தப் பழைய ஹப்பில் மறுபேச்சில்லாமல் ஏறியது. அதே 24 மரை. கூலி வாங்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பழைய ஹப் என்னிடம் இன்னும் மூன்றுதான் இருக்கிறது. மலிவு சைக்கிளோ ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

அடுத்த வரைவு எழுத உட்காரும்போது இறக்குமதியாளர்களையும் ஆலைக்காரர்களையும் நீங்கள் கூப்பிடுவீர்கள். எங்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். பையனின் குழிவிழுந்த கோனை எறியாமல் வைத்திருக்கிறேன். பழைய கோன் ஒன்றையும் சேர்த்து எடுத்து வருகிறேன். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்