விடுமுறை வேண்டாம், டிக்கெட் கொடுங்கள்

ஐயா,

2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாதில் நடைபெறவிருப்பது குறித்த தங்கள் தலையங்கம் அரங்குகள், சாலைகள், செலவு என எல்லாவற்றையும் அலசுகிறது. மாணவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2010-இல் இதே போட்டிகளுக்காகத் தில்லியில் பள்ளிகளை மூடினார்கள். அக்டோபர் 3 அன்று ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் தொடக்க விழா. அருகிலேயே லோதி காலனியில் குடியிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனான நான், வாணவேடிக்கையின் சத்தத்தை மொட்டை மாடியிலும் விழாவைத் தொலைக்காட்சியிலுமாகப் பிரித்து அனுபவித்தேன். கடைகள் அடைப்பு, டியூஷனும் இல்லை. (அம்மாவுக்குத் தயிர் கிடைக்காத கவலை தனி.)

அடுத்த நாள்களில் பல அரங்குகளில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பிள்ளைகளை அழைத்து நிரப்பலாம் என்ற யோசனை அதன் பிறகுதான் பிறந்தது. பூட்டிய பள்ளியிலிருந்து யாரை அழைப்பது? எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. அகமதாபாதில் பள்ளிகளைத் திறந்தே வைத்து, காலை நேரத் தகுதிச் சுற்றுகளின் டிக்கெட்டுகளில் ஒரு பங்கை முன்கூட்டியே அவற்றுக்கு ஒதுக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு முன்னுரிமையும் பஸ் வசதியும் தரலாம்.

– வாசகர், லோதி காலனி, புது தில்லி