ஒரே லைப்ரரி இரண்டு தடவை: உதவிய கைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேக்கின் கமாண்ட் லைன் டூல்ஸை (புரோகிராம் கட்ட ஆப்பிள் தரும் கருவிகளை) எக்ஸ்கோடு 15 பதிப்புக்கு ஏற்றியதும் எங்கள் கம்பைலரின் (எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளின்) டெஸ்ட்டுகள் வரிசையாக ஃபெயில் ஆயின. கம்பைலரில் ஒரு வரிகூட மாறவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி. யார் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறோம். இதே சிக்கலில் மாட்டுகிறவர்களுக்கு உதவும்.

தக்கலை சார், சோர்ஸில் கை வைக்காமல் முதலில் லிங்கரை (கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் ஒரே புரோகிராமாக இணைக்கும் கருவியை) பார்க்கச் சொன்னது நீங்கள்தான். லிங்கரின் பெயர் எல்டி; 'எல்டி -வி' என்று அதன் பதிப்பைக் கேட்டால் பழைய டூல்ஸ் எல்டி64 என்று சொல்லும். 15.0-இல் அந்த இடத்தில் டிஒய்எல்டி என்று வரும். 2023-இல் ஆப்பிள் லிங்கரையே மாற்றிவிட்டது. உங்கள் பழைய மேக்கில் 14.3 அப்படியே இருந்ததால்தான் ஒரே டெஸ்ட்டை இரண்டிலும் ஓட்டிப் பார்க்க முடிந்தது.

குழித்துறைத் தங்கச்சிக்குத் தனி நன்றி. ஃபெயில் ஆன டெஸ்ட்டுகளின் வெளியீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னாய்: விடை எல்லாம் சரி, எர்ரர் வெளியீட்டில் ஒரு வரிதான் கூடுதல்.

'எல்டி: வார்னிங்: இக்னோரிங் டூப்ளிகேட் லைப்ரரீஸ்: -எல்எம்'

'-எல்எம்' என்பது கணித லைப்ரரி. அதை எங்கள் ரன்டைமுக்கு வேண்டிய லைப்ரரிகளின் பட்டியல் ஒரு தடவை சேர்க்கிறது, லிங்கரைக் கூப்பிடும் எங்கள் டிரைவர் இன்னொரு தடவை சேர்க்கிறது. பழைய லிங்கர் பேசாமல் விட்டது; புதியது வாய் திறக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற எங்கள் டெஸ்ட்டுக்கு அந்த ஒரு வரி போதும். லிங்கரைத் திட்ட ஒன்றுமில்லை, தப்பு எங்கள் பக்கம்.

டெஸ்ட்டின் எதிர்பார்ப்புக் கோப்புகளில் (வர வேண்டிய வெளியீட்டை எழுதி வைத்தவை) அந்த வார்னிங்கையும் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்லவேளை, மார்த்தாண்டம் அண்ணன் தடுத்தார். சேர்த்திருந்தால் பழைய டூல்ஸ் வைத்திருப்பவர்களிடம் அதே டெஸ்ட்டுகள் விழுந்திருக்கும். வார்னிங்கை அடக்க '-நோ_வார்ன்_டூப்ளிகேட்_லைப்ரரீஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் பழைய லிங்கருக்கு அது தெரியாது. எர்ரர் போட்டு நின்றுவிடும். '-எல்டி_கிளாசிக்' கொடுத்துப் பழைய லிங்கரையே கூப்பிடலாம், அது நிரந்தரமில்லை. ஆகவே இரட்டிப்பை டிரைவரிலேயே எடுத்தோம், மேக்குக்கு மட்டும். லினக்ஸில் அப்படி எடுக்க முடியாது: அங்கே வழக்கமான லிங்கர் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை (புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடுபவை) இடமிருந்து வலமாக ஒரே நடையில் பார்த்துப் போகும். ஒன்றையொன்று சார்ந்த லைப்ரரிகள் இருந்தால் அங்கே ஒரே பெயர் வேண்டுமென்றே இரண்டு தடவை வரும். அதில் கை வைத்தால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (தேடிய பெயர் கிடைக்கவில்லை) என்று வேறு சண்டை.

கடைசியாக மிஞ்சிய சில டெஸ்ட்டுகள் 'எஸ்டிடிஐஓ.எச்' என்ற சி மொழியின் அடிப்படைக் கோப்பு இல்லை என்று விழுந்தன. குளச்சல் தம்பி பார்த்த உடனே சொன்னான்: எஸ்டிகே (இந்த மாதிரிக் கோப்புகள் இருக்கும் ஆப்பிள் தொகுப்பு) பாதையில் பதிப்பெண்ணைப் போட்டு வைத்திருக்கிறீர்கள், புதுப்பித்தால் அந்தக் கோப்புறை இருக்கும் என்று நிச்சயமில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் 'எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத்' என்ற கட்டளை சொல்லும் பாதையைத்தான் எடுக்கிறோம்.

இரண்டு பதிப்புகளின் டூல்ஸையும் கரண்ட் போய்ப் போய் வந்த இரவில் இறக்கி ஹார்ட் டிஸ்கில் கொடுத்த வடசேரி நண்பருக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் பாக்கி. டிஸ்கைத் தரும்போது அதையும் தீர்க்கிறோம்.

அன்புடன்,
கம்பைலர் குழுவினர், நாகர்கோவில்