மின்னிதழ்கள் வந்துவிட்டன, நூலகர்கள் எப்போது வருவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய நூலகக் கட்டடங்களைப் பற்றியும் மின்னூல் வசதிகளைப் பற்றியும் நாளிதழ்களில் அடிக்கடி செய்திகள் வருவது, கல்லூரி நூலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பேருந்தேறி அங்கே போய்வருவதையும் அறிவேன். ஆனால் பொது நூலகங்களுக்குக் கிடைக்கும் இந்தக் கவனத்தில் கால்பங்கு கூடப் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கிடைப்பதில்லை. அப்படியே கிடைத்தாலும் பேச்சு கட்டடத்தோடும் கணினியோடும் நின்றுவிடுகிறது. உள்ளே வேலை பார்க்க வேண்டிய மனிதர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவர்களைப் பற்றிச் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி, 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்கள் உட்பட 6,300 நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் இதை நடத்துகிறது. ஒரே ஒரு வெளிநாட்டு வேதியியல் இதழின் ஆண்டுச் சந்தாவுக்காகத் துறைத் தலைவரும் நூலகரும் நிதி அலுவலரும் மாதக்கணக்கில் கோப்பு நகர்த்திய காலத்தைப் பார்த்தவர்களுக்கு, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு இத்தனை இதழ்கள் ஒரு சொடுக்கில் கிடைப்பது சாதாரணச் செய்தியாகத் தோன்றாது. திட்டத்தில் குறைகள் உண்டு என்றாலும் அதை வரவேற்காதவன் நூலகனாக இருக்க முடியாது.

இவ்வளவு செலவில் வந்த இதழ்களை யார் படிக்கிறார்கள், எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தால்தான் கவலை தொடங்குகிறது. வளாகத்து இணைய இணைப்பில் இதழ்கள் தாமாகத் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால் நிறுவனத்தின் வழியாகப் பயனர் கணக்கு பெற வேண்டும். அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவருக்கு இந்த வசதிதான் உயிர். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும் இதழின் கட்டுரையைச் சொந்தப் பணம் கொடுத்துத் தரவிறக்கிய ஆய்வாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். தாமிரபரணி நீரின் தரத்தைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி, தேடுபொறியில் முதல் பக்கத்தில் வந்த நான்கைந்து கட்டுரைகளோடு முன்னாய்வை முடித்துக்கொண்டால் குற்றம் அவளுடையதன்று. எந்தத் தரவுத்தளத்தில் தேடுவது, எந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடுவது, ஒரு கட்டுரையைப் பின்னாளில் மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, போலி ஆய்விதழை எப்படி அடையாளம் காண்பது ஆகியவற்றையெல்லாம் அருகில் அமர்ந்து சொல்லித் தர ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு நூலகத் துறையில் உசாத்துணைச் சேவை என்று பெயர். பல நூலகங்களில் இன்று அந்த மேசை இருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது.

பல்கலைக்கழக நூலகமொன்றில் நூலகர், துணை நூலகர், உதவி நூலகர் என்று பணியிடங்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் இவற்றுக்குக் கேட்கும் தகுதியும் குறைந்ததன்று. பல்கலைக்கழக நூலகராக வேண்டுமானால் முனைவர் பட்டமும் நீண்ட அனுபவமும் வேண்டும். தகுதியை இவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டு, ஒருவர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விடுவது தமிழகத்தின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. வேறொரு துறைப் பேராசிரியரிடம் 'பொறுப்பு' என்ற சொல்லோடு நூலகம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் தம் வகுப்புகளையும் விடைத்தாள்களையும் முடித்துவிட்டு மாலையில் வந்து கையெழுத்துப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கீழ்நிலையில் தொகுப்பூதியத்தில் வரும் இளைஞர்கள் ஆர்வமாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் எந்த ரேக்கில் என்ன இருக்கிறது, எந்தப் பேராசிரியரின் தனிச் சேகரிப்பு எந்த ஆண்டில் வந்தது என்பதைக் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள். நூலக அறிவியலில் பட்டமும், தேசியத் தகுதித் தேர்வான 'நெட்'டில் தேர்ச்சியும் பெற்று, ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் இளைஞர்களை நம் ஊரிலேயே பார்க்கலாம் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆள் குறையும் அதே வேளையில் வேலை கூடியிருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அது பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று மென்பொருளால் ஒப்புமைச் சோதனை செய்து சான்று தருவது, ஏற்கப்பட்ட ஆய்வேட்டை இந்திய ஆய்வேடுகளின் மின்சேகரமான 'ஷோத்கங்கா' தளத்தில் ஏற்றுவது, கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் 'நாக்' குழு வரும்போது பத்து வகைப் படிவங்களை நிரப்புவது எல்லாம் இன்று நூலகத்தின் தலையில்தான். இவற்றில் ஒப்புமைச் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டின் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கின்றன. தமிழ் இலக்கிய ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் பாடலடிகள் வரும். மென்பொருள் அவற்றையும் சேர்த்து எண்ணி ஒரு விழுக்காட்டைக் காட்டும். அறிக்கையைத் திறந்து, எது மேற்கோள், எது களவு என்று பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் இல்லையென்றால், மாணவர் நற்றிணைப் பாடலைத் தம் சொந்த நடையில் திருத்தி எழுத வேண்டிய வேடிக்கை நேரும். கணினியை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, துறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நூலகர்கள் மன்றாடுவது இதனால்தான்.

இவையெல்லாம் புதிய கோரிக்கைகள் அல்ல. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, லண்டன் சென்று பயின்று திரும்பியதும் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அதைச் செய்ய ஆள் வேண்டும் என்பதை அவர் நிர்வாகத்திடம் அழுத்தமாக எடுத்துரைத்தார். வாசகருக்கும் நூலுக்கும் இடையில் நின்று இணைத்து வைக்கும் உசாத்துணைப் பணியையே நூலகத்தின் மையமாகக் கருதினார். அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 அன்று ஆண்டுதோறும் நூலகர் நாள் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடப் பொறுப்பு நூலகரே வந்துவிடுகிறார்.

நெல்லைச் சீமையைப் பொறுத்தவரை இன்னொரு பெரிய வேலை தொடப்படாமல் கிடக்கிறது. சந்தாத் திட்டத்தில் வரும் இதழ்கள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்கள். நம் வட்டாரத்தைப் பற்றி நம்மவர்கள் தமிழில் எழுதியவை அவற்றில் கிடைக்கா. 1966 வரை இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருந்தன; 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் இங்கேயே பல்கலைக்கழகம் அமைந்தது. ஆகவே நெல்லையைப் பற்றிய ஓர் ஆய்வைத் தேடுபவர் மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. மானியக் குழுவின் 2009 விதிமுறைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் சேர்க்கப்படுவதால் அந்தச் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது. எம்.ஃபில். ஆய்வேடுகளின் கதை வேறு. 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளோடு அந்தப் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. அதுவரை நம் கல்லூரிகளில் எழுதப்பட்டவை துறை அலமாரிகளிலும் மாடிப்படிக்கு அடியிலும் சணல் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் பல வெறும் சடங்குக்காக எழுதப்பட்டவைதாம், மறுக்கவில்லை. ஆனால் தேரிக்காட்டுப் பனைத்தொழிலாளர் வழக்குச் சொற்களையும், வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளையும், பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையையும், ஒரு குளத்தின் மடைப் பெயர்களையும், ஊரூராகப் போய்ச் சேகரித்து எழுதியவை அந்தக் கட்டுகளில் இருக்கின்றன. சொன்ன பெரியவர்களில் பலர் இன்று இல்லை. மடைகளில் சில சிமெண்டுக்கு அடியில் போய்விட்டன. அந்தத் தாள்களைத் தவிர வேறு சான்று இல்லாத செய்திகள் அவை.

அவற்றை ஒளிவருடி எடுப்பது எளிது. ஒரு கருவியும் இரண்டு பேரும் போதும். அதற்குமுன் அவற்றைப் பட்டியலிட வேண்டும், அதுதான் கடினம். நம் நூலகங்களின் கணினிப் பட்டியலில் தமிழ் நூல்கள் ஒருகாலத்தில் ஆங்கில எழுத்திலும், பிறகு ஏதோவொரு பழைய எழுத்துருவிலும், அண்மையில் ஒருங்குறியிலும் (யூனிகோடு) ஏற்றப்பட்டன. உ.வே.சாமிநாதையரின் பெயரே சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று நான்கு விதமாகப் பதிவாகி, ஒன்றைத் தேடினால் மற்றவை வருவதில்லை. ஆழ்வார்திருநகரிக்கும் திருநெல்வேலிக் கவிராயர் வீட்டுக்கும் ஏடு தேடி வந்தபோது அவர் கையில் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. இன்று பட்டியல் இருந்தும் அவர் பதிப்பித்த நூல் அலமாரியில் இருப்பது தெரியாமல் மாணவர் திரும்பிப் போகிறார். 'கோஹா' போன்ற கட்டணமில்லா நூலக மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை நன்றாகவே கையாளுகின்றன. பெயர்களை ஒழுங்குபடுத்தி, ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைத் தமிழும், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் பகுப்பாக்கமும் அறிந்த நூலகர்தான் செய்ய வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் மறந்துவிட வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் தரைத்தளத்தில் தாள்களை வைத்திருந்த அத்தனை பேரும் கலங்கினார்கள். நனைந்த தாளை வெயிலில் விரிக்கக் கூடாது, நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும், உடனே செய்யாவிட்டால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும் என்பதையெல்லாம் அறிந்த ஒருவர் ஒவ்வொரு நூலகத்திலும் இருக்க வேண்டாமா? அரிய நூல்களும் ஒற்றைப் பிரதி ஆய்வேடுகளும் இன்னும் தரைத்தளத்தில் இருக்குமானால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேல்தளத்துக்கு ஏற்றிவிடுவது பணம் கேட்காத காரியம்.

வேலை நேரத்தையும் வெளியாருக்கு அனுமதியையும் பற்றி ஒரு சொல். வள்ளியூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வருபவர் நூலகத்தை அடையும்போது முற்பகல் ஆகிவிடுகிறது. மாலை ஐந்து மணிக்கே விளக்கை அணைத்தால் அவர் எதைப் படித்து எடுப்பார்? பணியிலிருக்கும் ஆய்வாளர்களுக்குச் சனி, ஞாயிறுதான் நூலக நாட்கள். தென்மாவட்டங்களில் உயர்கல்வியின் பெரும்பகுதியைச் சுமந்துவந்த அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பல, சந்தாத் திட்டத்தின் முதற்கட்டத்துக்கு வெளியே நின்று, கல்லூரிகளுக்கான 'என்-லிஸ்ட்' என்ற மின்னிதழ், மின்னூல் திட்டத்தையே நம்பியிருக்கின்றன. அக்கல்லூரிகளின் மாணவர்களும், பட்டத்துக்காக அல்லாமல் உள்ளூர் வரலாற்றை எழுதும் ஆர்வலர்களும், சிறிய கட்டணத்தில் உறுப்பினராகி வளாகத்துக்குள் அமர்ந்து படிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் வழிசெய்யலாம். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. உட்கார இடம் கேட்கிறோம்.

உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களும், நூலகப் பணியிடங்களை மற்ற அலுவலகப் பணியிடங்களோடு சேர்த்து வரிசையில் நிறுத்தாமல், உசாத்துணைக்கு ஒருவர், தமிழ் நூற்பட்டியலுக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர் என்ற அளவிலாவது நிரந்தர நியமனங்களை வரும் கல்வியாண்டுக்குள் செய்ய வேண்டும். சந்தாத் திட்டத்தின் முதல் மூன்றாண்டுகள் 2027-இல் முடிகின்றன. எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை கட்டுரைகளைப் படித்தது என்ற கணக்கை அப்போது மத்திய அரசு கேட்கத்தான் செய்யும். அந்தக் கணக்கில் நம் தென்மாவட்டங்களின் எண் சிறுத்திருந்தால், மாணவர்களுக்குப் படிக்க ஆர்வமில்லை என்று எழுதி அனுப்பிவிடாதிருக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
பாளையங்கோட்டை.