கம்பத்துக்குப் போகாமல் கம்பத்தில் இருப்பது

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் நீ செய்ய நினைத்திருக்கும் காரியத்தை நிறுத்து. "ரவுட்டரில் 3389ஐத் திறந்துவிட்டால் எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே போய்விடலாமே" என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். 3389 என்பது விண்டோஸ் கணினியின் திரையை வெளியிலிருந்து பிடிக்கும் வாசல்; அதை இணையம் முழுவதற்குமா திறந்து வைப்பது? ஏற்கெனவே திறந்துவிட்டாய் என்றால் இதை மடித்து வைத்துவிட்டுப் போய் மூடிவிட்டு வா. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூடியாயிற்றா? சரி. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு இடது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. பார்வை தெளிந்ததும் அவள் செய்த முதல் வேலை, என் தாடியில் நரை எத்தனை என்று எண்ணிச் சொன்னதுதான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அதனால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. எனக்கு வலது முழங்காலில் வலி. மாடிப்படி ஏறாதீர்கள் என்கிறார் மருத்துவர். அலுவலகம் மாடியில் இருக்கிறதே என்றேன். அப்படியென்றால் மாடியிலிருந்து இறங்காதீர்கள் என்றார்.

நீ பள்ளிகளின் கணினிப் பராமரிப்பு வேலையை ஏற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. நான்கு பள்ளிகள், 62 கணினிகள், ஒரே ஆள். உன் பழைய பைக்கில் ஓடினால் இந்த வயதில் முதுகு தாங்காது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். நான் ஆறு வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன்: உரம், விதை விற்கும் ஒரு வியாபாரியின் 11 கிளைகள், 37 கணினிகள். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்திருக்கும். அதில் ஊர் வாரியாகக் கணினிகளின் பெயர்கள். விழித்திருப்பவை பளிச்சென்று தெரியும். தூங்குபவை சாம்பல் பூசியது போல மங்கிக் கிடக்கும். பெயரைத் தொட்டால் அந்தத் திரை என் திரைக்குள் வந்துவிடும். வேண்டுமானால் திரையைத் தொடாமல் கறுப்புக் கட்டளைப் பலகையை மட்டும் திறக்கலாம், கோப்புகளை அனுப்பலாம், எடுக்கலாம். என் பக்கம் எதையும் நிறுவ வேண்டியதில்லை. திருமணத்துக்குப் போன இடத்தில் மைத்துனனின் லேப்டாப்பிலிருந்து திண்டுக்கல் பிரிண்டரைச் சரிசெய்திருக்கிறேன். (என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. நீ இதைச் செய்யாதே; பிறர் கணினியில் கடவுச்சொல் தட்டுவது நல்ல பழக்கம் இல்லை.)

நாம் கம்பத்துக்குப் போன கதை உனக்கு நினைவிருக்கும். 2002 என்று நினைக்கிறேன். ஆரப்பாளையத்தில் விடியற்காலைப் பஸ், மடியில் டூல் பை, உன் கையில் ஒரு பழைய எஸ்எம்பிஎஸ், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டிக் கணவாய், தேனி என்று உடம்பெல்லாம் புழுதி. கணினி செத்தே போய்விட்டது என்று சொன்ன கடைக்காரர், நாம் மேசைக்கு அடியில் குனிந்ததும் முகம் மாறிப்போனார். அயர்ன் பாக்ஸ் போடுவதற்காக யாரோ பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். அந்த வெட்கத்துக்கு ஈடாக அவர் கொடுத்த இரண்டு கிலோ பன்னீர் திராட்சையைத் திரும்பி வருகையில் பஸ்ஸிலேயே தின்று தீர்த்தோம்.

அதற்குப் பிறகுதான் நீ எங்கிருந்தோ விஎன்சியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்து, 1998இல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த, ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் காட்டும் மென்பொருள். 56 கே மோடத்தில் அதை ஓட்டிப் பார்த்தோமே! மேலிருந்து கீழாகத் திரை பட்டை பட்டையாக வரும். ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு வெளியே போய் டீ குடித்துத் திரும்பினால் மெனு பாதி விரிந்திருக்கும். அதன் கடவுச்சொல்லில் எட்டு எழுத்துக்கு மேல் எதைப் போட்டாலும் அது கண்டுகொள்ளாது என்பது நமக்கு வெகுகாலம் தெரியவில்லை. கடை முதலாளியின் குலதெய்வத்தின் முழுப் பெயரையும் வைத்துவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்து வழியும் நீ இப்போது யோசிக்கும் வழியும் ஒன்றுதான்: வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, வருகிறவன் நாமாக இருப்போம் என்று நம்புவது. 2019 மே மாதம் விண்டோஸின் தொலைத் திரை வசதியில் புளூகீப் என்ற ஓட்டை வெளியில் வந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே போகலாம், ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே பரவலாம். 2014இலேயே கைகழுவிவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால், எவ்வளவு பயந்திருக்கும் பார். அந்த ஓட்டையை அடைத்தாயிற்று என்று நீ சொல்வாய். அடுத்த ஓட்டை உன் பள்ளிக்குத் தபால் போட்டுவிட்டா வரும்?

இப்போதைய முறை தலைகீழானது. ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரலை நிறுவிவிடுகிறோம். அது உள்ளேயிருந்து வெளியே, உன் சர்வருக்குத் தானாகவே தொடர்பு கொள்ளும். வீட்டில் இருப்பவர் நமக்குப் போன் போட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருப்பது போல. பிரவுசரில் ஒரு தளத்தைப் பார்க்கும் அதே 443ஆம் எண் வாசல் வழியாகத்தான் போகும். ஆகவே பள்ளி ரவுட்டரில் ஒரு துளைகூடப் போட வேண்டாம், நிலையான ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் மாறாத விலாசத்துக்கு, பணம் கட்ட வேண்டாம். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே இப்படி வைக்காத போனாக இருப்பது வெப்சாக்கெட். 2011 இறுதியில் அது பொதுத் தரநிலையாக வந்த பிறகுதான் பிரவுசருக்குள் திரையைக் காட்டுவது இவ்வளவு இலகுவானது. நான் வைத்திருப்பது மெஷ்சென்ட்ரல். இன்டெல்லில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் தொடங்கிய திறமூல மென்பொருள், காசு கிடையாது, சின்ன வாடகை சர்வரிலேயே ஓடுகிறது. ஏஜென்ட் எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் அப்பாச்சி குவாக்கமோலே இருக்கிறது. விஎன்சி, ஆர்டிபி (விண்டோஸின் தொலைத் திரை), எஸ்எஸ்எச் (தொலைக் கட்டளைப் பலகை) மூன்றையும் அதுவே பேசி, உனக்கு பிரவுசரில் படமாகக் காட்டும். ஆனால் அதன் சர்வர் ஒவ்வொரு கணினியையும் தானே போய் எட்ட வேண்டும். நான்கு ஊரில் நான்கு பள்ளி என்னும்போது உனக்கு முதலாவதுதான் சரி.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். பரமக்குடிக் கிளையில் பில் போடும் கணினிக்கு ஐபி முகவரி மாற்ற வேண்டியிருந்தது. இரவு பதினொரு மணி, தூக்கக் கலக்கம். கணினி வெளியே போகும் வழியைச் சொல்லும் கேட்வே எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டி, சரி என்று அழுத்தினேன். படம் அப்படியே உறைந்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியவன் கதைதான். கடை திறப்பதற்குள் அந்த ஒற்றை இலக்கத்தைத் திருத்துவதற்காக விடியற்காலைப் பஸ் பிடித்துப் போனேன், முழங்கால் வலியோடு.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரத்துக்கு மேல் இணையத்திலிருந்தே மறைந்ததே, நினைவிருக்கிறதா? பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களுடைய தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பு மொத்தமும் அறுந்தது. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே இணைப்பில்தான் இருந்தன. கடைசியில் ஆட்கள் நேரில் போய்த்தான் எழுப்பினார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்று பரமக்குடி பஸ்ஸில் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அன்று முதல் ஒரு பழக்கம். திரையின் அளவை மாற்றினால், "இப்படியே வைத்துக்கொள்ளவா?" என்று விண்டோஸ் கேட்டு, 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும் அல்லவா, அதே தந்திரம். நெட்வொர்க்கிலோ ஃபயர்வாலிலோ கை வைப்பதற்கு முன், பத்து நிமிடம் கழித்துப் பழைய அமைப்பை மீட்கும் ஒரு வேலையை அந்தக் கணினியிலேயே திட்டமிட்டு வைத்துவிடுவேன். மாற்றம் நல்லபடியாக முடிந்தால் அதை ரத்து செய்வேன். முடியாவிட்டால் பத்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும். பெரிய ரவுட்டர்களில் இந்த வசதி கட்டளையாகவே இருக்கிறது. நம் பில் மேசைக் கணினிக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஏஜென்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது விண்டோஸுக்குள் வாழ்வது. விண்டோஸே எழவில்லை என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான கோப்பால் உலகம் முழுவதும் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. தீர்வு எளியது, பாதுகாப்பு முறையில் எழுப்பி ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் தட்ட வேண்டும். அதைப் போனில் ஒருவர் சொல்ல ஒருவர் தட்டுவதை நினைத்துப் பார். சர்வர்களில் ஐலோ, ஐடிராக் என்று தனியாக ஒரு குட்டிக் கணினியே உள்ளே உட்கார்ந்திருக்கும். பெரியது மயங்கிக் கிடந்தாலும் சின்னது பேசும். உன் பள்ளிகளில் சர்வர் என்று ஏதாவது இருந்தால் அந்த வசதிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே, ஆனால் அதையும் நேரே இணையத்தில் வைக்காதே. மற்றக் கணினிகளுக்கு, அணைந்திருப்பதை எழுப்பும் வேக் ஆன் லேன் போதும். அது அனுப்பும் அழைப்பு இதுதான்: ஆறு முறை எஃப்எஃப் என்ற பைட், பிறகு அந்தக் கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் ஆறு பைட் எண்) பதினாறு முறை, ஆக 102 பைட், ஏறக்குறைய திருப்பள்ளியெழுச்சிதான். இணையத்தைத் தாண்டி அந்தக் குரல் கேட்காது, பக்கத்தில் விழித்திருக்கும் வேறொரு கணினிதான் பாட வேண்டும். மெஷ்சென்ட்ரல் அதையும் தானே பார்த்துக்கொள்ளும். கணினி எழும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் பயாஸில் மட்டும் முன்கூட்டியே அனுமதித்து வை. அதற்கு ஒருமுறை நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

உன்னைப் பயமுறுத்த இன்னொன்று. 37 சாவியும் ஒரே கொத்தில் இருப்பது எனக்கு வசதி என்றால், திருடனுக்கும் அதே வசதிதான். 2021 ஜூலையில் கசேயா என்ற தொலை நிர்வாக மென்பொருள் வழியாகவே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயக் கும்பல் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடைத்தொடரின் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவை கல்லாப்பெட்டி வேலை செய்யாமல் கதவைச் சாத்தின. ஆகவே கணினிகளின் பட்டியல் தெரியும் உன் கன்சோல் பக்கத்துக்கு, கடவுச்சொல்லோடு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம். தலைமையாசிரியர் கேட்டார் என்பதற்காக அவருக்கு முழு உரிமை கொடுக்காதே. அவர் பள்ளியை மட்டும் பார்க்க விடு.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் போடிக் கிளையில், மதியம் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து, சொல்லாமல் கணக்கர் கணினிக்குள் போனேன். அந்தப் பெண் இடத்தில்தான் இருந்திருக்கிறாள். திரையில் ஒரு மருத்துவமனை அறிக்கை, மேலே அவள் பெயர். உடனே மூடிவிட்டேன், ஆனால் சுட்டி அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் மேலாளர் அண்ணன் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார் எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பாரா என்று அந்தப் பிள்ளை கேட்கிறது."

என்ன பதில் சொல்வது, மாப்பிள்ளை? அந்தக் காலத்தில் டூல் பையோடு வாசலில் நிற்போம், செருப்பைக் கழற்றுவோம், "வாங்க தம்பி" என்று யாராவது சொன்ன பிறகு உட்காருவோம். அவர்களுக்கும் மேசையில் கிடப்பதை எடுத்து உள்ளே வைக்க நேரம் கிடைக்கும். இப்போது நான் சுவருக்குள்ளிருந்து வருகிறேன். அன்று மாலையே அமைப்பை மாற்றினேன். நான் திரையைக் கேட்டால் அந்தப் பக்கம் "அனுமதிக்கலாமா?" என்று வரும், அவர்கள் ஆம் என்றால்தான் எனக்குப் படம். பார்த்துக்கொண்டிருக்கும்வரை மேலே ஒரு பட்டை தெரியும். வேலை கொஞ்சம் தாமதமாகிறது, ஆகட்டும். உன்னுடையவை பள்ளிகள். ஆசிரியைகளும் பிள்ளைகளும் உட்காரும் இடம். முதல் நாளே இதைப் போட்டுவிட்டு, ஆசிரியர் கூட்டத்தில் நீயே நின்று சொல்லிவிடு.

இன்னொரு குறையும் உண்டு. நாற்றம் வராது. மின்தேக்கி கருகும் வாடை, விசிறி கரகரப்பது, யூபிஎஸ் கத்துவது எதுவும் இந்தப் பக்கம் வந்து சேர்வதில்லை. கிளை ஒவ்வொன்றிலும் ஒருவரைப் பிடித்து, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போடியில் அந்தப் பெண்தான். சென்ற மாதம், யூபிஎஸ் வீங்கியிருப்பதைப் படம் எடுத்து அவளே அனுப்பினாள்.

நேற்றுக் காலையிலிருந்து கம்பம் கிளை மொத்தமும் மங்கிக் கிடக்கிறது. பிளக்கைப் பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டார்கள். ரவுட்டர் விளக்கு எரிகிறது. கடைசியில் கடைப் பையன் படம் அனுப்பினான்: மூட்டைகளுக்குப் பின்னால் போகும் கேபிளை எலி இரண்டு இடத்தில் கடித்துத் துப்பியிருக்கிறது. ஆக, செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஆரப்பாளையம்தான். 2006இல் இரவல் வாங்கிக்கொண்டு போனாயே, கேபிள் முனையில் பிளக் பொருத்தும் ஒரு கிரிம்பிங் டூல், நீல நிறக் கைப்பிடி, அது என்னுடையது. திங்கட்கிழமைக்குள் கொரியரில் அனுப்பிவை. திராட்சை கிடைத்தால் உனக்கும் அனுப்புகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
மச்சான்