பெரியவரின் முகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்குப் பொடி எழுத்துப் பக்கமே போகாதே. இதையும் வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள், வீடு பகலில் அமைதியாக இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: ‘உன் நாவலைப் படமாக எடுத்தால், கடிகாரம் பழுது பார்க்கும் அந்தப் பெரியவராக யார் நடிப்பார்?’ யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. உரிமை, ஒப்பந்தம் என்று எந்தப் பேச்சும் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை, படம்தான் ஓடுகிறது. கையெழுத்துப் பிரதியை முதலில் படித்தவன் நீ. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

முதல் காட்சி எனக்குத் தெளிவாக இருக்கிறது. திரை இருட்டு. டிக் டிக் என்று ஒரு கைக்கடிகாரத்தின் சத்தம் மட்டும். பழைய சாவி கொடுக்கும் கடிகாரங்களில் பல, நொடிக்கு 5 முறை, மணிக்கு 18,000 முறை துடிக்கும். பிறகு மெல்ல வெளிச்சம். சாமணம் பிடித்த இரண்டு விரல்கள், அதன் நுனியில் மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங். அவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார், பார்க்கிறவர்களும் அடக்கிக்கொள்கிறார்கள். நாவலில் அந்த மூச்சை எழுத நான் எத்தனை தடவை அடித்துத் திருத்தினேன் என்று உனக்குத் தெரியும்.

அடுத்து, அவருக்குக் காது போகும் இடம். புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். பழுது பார்த்து முடித்த கடிகாரத்தை வழக்கம்போலக் காதில் வைக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. சினிமாவுக்கு இதில் ஒரு வார்த்தை வேண்டாம். தியேட்டரில் சத்தத்தை நிறுத்தினால் போதும். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துப்போகும். அப்புறம் அவர் கடிகாரத்தை மெதுவாகப் பல்லில் வைத்து அழுத்துகிறார். காது வழியாக வராத துடிப்பு எலும்பு வழியாக உள்ளே போகும், அதை அவர் அறிவார். எங்கோ ஆழத்தில் டிக் டிக் மறுபடி மெலிதாகத் தொடங்குகிறது. நண்பா, இதை மனசுக்குள் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் எழுத்தால் முடியாததை ஒரு ஒலிப்பதிவாளர் செய்துவிடுவார். எனக்கு இதில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு வரி இடிக்கிறது. ‘தினமும் காலையில் எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுப்பார்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தக் ‘கொடுப்பார்’ என்ற ஒரு சொல்லில் முப்பது வருஷம் இருக்கிறது. கேமரா ஒரு காலையைத்தான் காட்டும். முப்பது வருஷத்தை எப்படிக் காட்டுவது? சுவரில் தேதித்தாள் கிழிவது, தலை நரைப்பது எல்லாம் பார்த்துச் சலித்தவை. சாவி திருகும் இடத்தில் அவர் கட்டைவிரல் காய்த்துப்போயிருப்பதை நெருக்கத்தில் காட்டலாம் என்று தோன்றுகிறது. போதுமா, தெரியவில்லை. யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வெட்டுவது தனி வலி. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்று கணக்குச் சொல்வார்கள். என் 312 பக்கத்தை 120 பக்கத்துக்குள் அடக்க வேண்டும். பெரியவரின் தம்பி போய்விடுவார். கடன் கொடுத்தவரையும் பக்கத்துக் கடைக்காரரையும் ஒரே ஆளாக்கிவிடுவார்கள். அதற்கெல்லாம் சம்மதிப்பேன். பெரியவரின் மகள் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்ளும் அந்த இடத்தை மட்டும் தொடவிட மாட்டேன்.

ஜெயகாந்தன் மாதிரி நானே இயக்கவும் போவதில்லை. 1965-இல் அவர் தன் ‘உன்னைப் போல் ஒருவன்’ நாவலைத் தானே படமாக்கினார். அதற்கு வேறு துணிச்சல் வேண்டும். எனக்கு ஆசை வேறு மாதிரி. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மகேந்திரன் 1979-இல் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். மூலக்கதையை விட்டு வெகுதூரம் போன படம். ஆனாலும் தாயை இழந்த அந்த இரண்டு குழந்தைகளின் தனிமை கதையிலிருந்து திரைக்கு உயிரோடு வந்து சேர்ந்தது. கதையை மாற்றட்டும், அந்த உயிர் வந்து சேரட்டும். அப்படி ஒருவர் கையில் கிடைத்தால் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி நிற்பேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எந்த நடிகரை நிறுத்திப் பார்த்தாலும் பொருந்தவில்லை. ஏன் என்று புரியாமல் நேற்று நாவலை முதலிலிருந்து புரட்டினேன். பெரியவரின் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை! கை இருக்கிறது, இருமல் இருக்கிறது, லென்ஸ் மாட்டி மாட்டி வலது கண்ணைச் சுற்றிப் பதிந்துபோன வளையத் தழும்பு இருக்கிறது. முகம் இல்லை. எழுதிய அத்தனை வருஷமும் நான் அவருக்கு எதிரே உட்காரவே இல்லை போலிருக்கிறது. அவருக்குள்ளிருந்து, அவர் கண் வழியாகத்தான் கடிகாரங்களைப் பார்த்திருக்கிறேன்.

நீ படிக்கும்போது உனக்கு ஒரு முகம் தெரிந்திருக்குமே? கண் சரியானதும் அதை எழுது. நெற்றி, மூக்கு, மீசை உண்டா இல்லையா, எல்லாம் வேண்டும். அதுவரைக்கும் எந்த நடிகரையும் நினைக்காமல் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்